நுண் ஆர்.என்.ஏ.யும் இரத்தப் புற்றுநோயும்

மனித உடலில் ஒவ்வொரு விநாடியும் ஏறத்தாழ 20 இலட்சம் சிவப்பணுக்கள் புதிதாகத் தோன்றுகின்றன. அவற்றோடு பல்லாயிரங் கோடி வெள்ளையணுக்களும் நாள்தோறும் எலும்பு மஜ்ஜையினின்று புறப்பட்டு இரத்த ஓட்டத்தில் கலக்கின்றன. உயிர்வளியைச் சுமக்கும் சிவப்பணு, கிருமியை விழுங்கும் வெள்ளையணு, எதிர்ப்பொருளைச் சுரக்கும் பி அணு, தைமஸ் சுரப்பியில் பயிற்சி பெறும் டி அணு ஆகிய யாவும் ஒரே வகைத் தாயணுவினின்று கிளைத்தவையே. எந்தக் கிளைக்கு எத்தனை அணுக்கள் செல்ல வேண்டும், எவை வளர வேண்டும், எவை தம் காலம் முடிந்ததும் மடிய வேண்டும் என்னும் கணக்கு இடையறாது நடந்துகொண்டிருக்கிறது. கணக்குக் குறையுமாயின் சோகையும் தொற்றுநோயும் தோன்றும். மிகுமாயின் லுகேமியா, லிம்போமா முதலிய இரத்தப் புற்றுநோய்கள் தோன்றும். இக்கணக்கைப் பார்க்கும் அதிகாரம் முழுவதும் புரதங்களுக்கே உரியது என்று நெடுங்காலம் கருதப்பட்டு வந்தது. அக்கருத்து முழு உண்மையன்று என்பதை 1993க்குப் பின் வந்த ஆராய்ச்சிகள் காட்டியுள்ளன.

விக்டர் அம்பிராஸ், கேரி ரவ்குன் என்னும் அமெரிக்க விஞ்ஞானிகள் இருவருக்கும் 2024ஆம் ஆண்டு மருத்துவத்துக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டதும், நுண் ஆர்.என்.ஏ. என்னும் பெயர் செய்தித்தாள் படிப்போர் அனைவர் காதிலும் விழுந்தது. அதன் பயனாக இருவகை மனப்போக்குகள் பரவியுள்ளன. புற்றுநோய்க்கு மருந்தும், ஒரு துளி இரத்தத்தில் அதனைக் கண்டறியும் சோதனையும் நாளையே கைக்கு வந்துவிடும் என்பது ஒன்று. இஃது எங்கோ நடக்கும் சோதனைச்சாலை வேடிக்கை. பள்ளி ஆசிரியருக்கும் சுகாதாரப் பணியாளருக்கும் இதனோடு தொடர்பில்லை என்பது மற்றொன்று. இவ்விரண்டும் தவறானவை. முதலாவது, ஏழைக் குடும்பங்களுக்குப் பொருட்செலவையும் காலக்கேட்டையும் விளைவிக்கக் கூடியதாதலால், கூடுதலாகக் கண்டிக்கத் தக்கது.

கண்டுபிடிப்பின் வரலாறே ஒரு படிப்பினை. சீனோராப்டிடிஸ் எலிகன்ஸ் என்பது மண்ணில் வாழும் ஓர் உருளைப்புழு. நீளம் ஒரு மில்லிமீட்டர். அதனால் மனிதர்க்கு நோயும் இல்லை. பயிருக்குச் சேதமும் இல்லை. இப்புழுவில் லின்-4 என்னும் ஜீன் பழுதுற்றால், புழுவின் அணுக்கள் வளர்ச்சியின் முதற்கட்டத்துக்குரிய வேலைகளையே மீண்டும் மீண்டும் செய்துகொண்டிருக்கும், பருவம் மாறாது. அம்பிராஸ் குழுவினர் அந்த ஜீனைத் தேடிப் பிரித்தெடுத்தபோது, அதில் புரதம் எதற்கும் உரிய குறிப்பு இல்லை என்பது தெரிய வந்தது. கிடைத்தவை 61 எழுத்துகள் கொண்ட ஓர் ஆர்.என்.ஏ.யும், 22 எழுத்துகளே கொண்ட மற்றொன்றுந்தான். ரவ்குனோ லின்-14 என்னும் வேறொரு ஜீனை ஆராய்ந்துகொண்டிருந்தார். அதன் தூது ஆர்.என்.ஏ.யின் வாற்பகுதியில் ஏதோ ஒன்று புரத உற்பத்தியைத் தடுக்கிறது என்பதை அவர் கண்டிருந்தார். 1992இல் இருவரும் தத்தம் எழுத்து வரிசைகளைப் பரிமாறிக்கொண்டு ஒப்பிட்டனர். அந்தச் சிறிய 22 எழுத்துத் துண்டு, லின்-14இன் வாற்பகுதியில் பல இடங்களில் பல்லோடு பல் பொருந்துவதுபோல் அமைந்திருந்தது! இரு கட்டுரைகளும் 1993 டிசம்பரில் ஒரே இதழில் வெளிவந்தன. ஆயினும் அடுத்த ஏழு ஆண்டுகள் அறிஞருலகம் இதனைப் புழுவுக்கே உரிய விந்தை என்று ஒதுக்கி வைத்தது. 2000த்தில் ரவ்குன் குழுவினர் லெட்-7 என்னும் இரண்டாவது சிற்றுருவைக் கண்டு, அது ஈயிலும் மீனிலும் மனிதனிலும் மாறாது இருக்கிறது என்று காட்டிய பின்னரே கதவு திறந்தது. பயனற்ற புழுவைப் பற்றிய ஆராய்ச்சிக்கு ஏன் பணம் என்று கேட்போர்க்கு இதைவிடத் தக்க விடை கிடைப்பது அரிது.

பெயரைப் பற்றியும் ஒரு சொல். மைக்ரோ என்பதை ‘நுண்’ என்று வழங்கினால், நுண்ணோக்கியிற் காணலாம் போலும் என்று மாணவர் எண்ணக்கூடும். நுண்ணோக்கி இதற்கு உதவாது. ‘குறு’ என்று வழங்கலாம் எனின், குறுகிய ஆர்.என்.ஏ. என்று வேறொரு வகை ஏற்கெனவே இருத்தலின் இரண்டும் மயங்கும். ஆகவே, குறை தெரிந்தே ‘நுண் ஆர்.என்.ஏ.’ என்னும் சொல் இங்குக் கையாளப்படுகிறது. இவற்றுக்கு எண்களே பெயராக இருப்பதும் (15, 16, 155, 181 என்றவாறு) வாசகர்க்குச் சலிப்புத் தரலாம். அவ்வெண்கள் பெரும்பாலும் கண்டறிந்த வரிசையைக் குறிப்பனவேயன்றி வேறு பொருளுடையன அல்ல. அவற்றை நெட்டுருப் போட வேண்டியதில்லை.

இவை வேலை செய்யும் முறை எளிதே. உட்கருவில் ஜீனிலிருந்து படியெடுக்கப்படும் நீண்ட ஆர்.என்.ஏ., கொண்டை ஊசிபோல் மடிந்து நிற்கும். டுரோஷா என்னும் நொதி அதனை ஒருமுறை வெட்டும்; உட்கருவுக்கு வெளியே டைசர் என்னும் நொதி இன்னொருமுறை வெட்டும். எஞ்சும் 22 எழுத்துத் துண்டை ஆர்கோனாட் என்னும் புரதம் ஏந்திக்கொண்டு, தூது ஆர்.என்.ஏ.க்களின் வாற்பகுதிகளைத் துழாவிச் செல்லும். பொருத்தம் பார்ப்பது பெரும்பாலும் இரண்டாவது எழுத்து முதல் எட்டாவது எழுத்து வரையுள்ள ஏழு எழுத்துகளைக் கொண்டே. பொருந்திய இடத்தில் அத்தூது விரைவில் சிதைக்கப்படும். அல்லது அதிலிருந்து புரதம் உண்டாவது குறையும்.

இவ்வேழு எழுத்துகளை வைத்து ஆசிரியர்கள் வகுப்பில் ஒரு கணக்குப் போடலாம். ஆர்.என்.ஏ.யின் எழுத்துகள் நான்கு. ஏழு இடங்களில் அவை அமையக்கூடிய முறைகள் 4இன் 7ஆம் அடுக்கு, அதாவது 16,384. மனித ஜீன்கள் 20,000 என்றும், ஒவ்வொன்றின் தூதுக்கும் வால் 1,000 எழுத்து என்றும் வைத்துக்கொண்டால், ஒரு நுண் ஆர்.என்.ஏ.க்குத் தற்செயலாகவே 1,200க்கும் மேற்பட்ட இடங்களில் பொருத்தம் அமையும். இதனின்று இரண்டு செய்திகள் பெறப்படுகின்றன. ஒரே நுண் ஆர்.என்.ஏ. நூற்றுக்கணக்கான ஜீன்களைக் கட்டுப்படுத்த முடிவது ஏன் என்பது ஒன்று. கணிப்பொறி தரும் பொருத்தப் பட்டியலைக் கண்டவுடன் இன்ன நோய்க்கு இன்ன நுண் ஆர்.என்.ஏ. காரணம் என்று எழுதிவிடுதல் எவ்வளவு ஆபத்தானது என்பது மற்றொன்று. அத்தகைய கட்டுரைகள் அளவின்றிப் பெருகியிருத்தலை மறைப்பதிற் பயனில்லை. பதிவேட்டில் மனிதனுக்குரியனவாகக் குறிக்கப்பட்ட நுண் ஆர்.என்.ஏ. ஜீன்கள் ஏறத்தாழ 1,900. கண்டிப்பான அளவுகோலை வைத்து ஆராய்ந்தோர் ஒப்புக்கொண்டவையோ 500க்குச் சற்று மேற்பட்டவையே.

இன்னொன்றும் இங்குச் சொல்லத் தக்கது. 2008இல் இரு குழுவினர் ஆயிரக்கணக்கான புரதங்களை ஒருங்கே அளந்து பார்த்தனர். ஒரு நுண் ஆர்.என்.ஏ. தன் இலக்குகளிற் பெரும்பாலானவற்றைப் பாதியளவுக்குக்கூடக் குறைப்பதில்லை என்று அவர்கள் கண்டனர். ஆகவே இஃது ஏற்றி அணைக்கும் விளக்குப் பொத்தான் அன்று. வாய்க்கால் மடையில் பலகையை ஒரு விரற்கடை தாழ்த்துவதும் உயர்த்துவதும் போன்ற செயலே. ஒரு மடையில் ஒரு விரற்கடை பெரிதன்று. ஒரே கிளை வாய்க்காலின் நூறு மடைகளிலும் ஒருங்கே தாழ்த்தினால் கடைமடை வயல் காய்ந்துவிடும்.

இரத்த அணுக்களுக்கு இதனைப் பொருத்திக் காட்டியது 2004இல் வெளிவந்த ஓர் ஆராய்ச்சி. எலியின் எலும்பு மஜ்ஜையில் 142, 181, 223 என்னும் மூன்று நுண் ஆர்.என்.ஏ.க்கள் மிகுந்திருந்தன. 181ஐத் தாயணுக்களிற் கூடுதலாகப் புகுத்தியபோது பி அணுக்களின் விகிதம் கூடிற்று. பின்னர் வந்த ஆராய்ச்சிகள் படத்தை நிரப்பின. டைசர் நொதியை இளம் பி அணுக்களில் நீக்கினால் அவற்றின் வளர்ச்சி தொடக்கக் கட்டத்திலேயே நின்றுபோகிறது. முதிர்ந்த அணுக்களில் இருக்க வேண்டிய 150ஐ முன்கூட்டியே தோன்றச் செய்தாலும் பி அணுக்கள் வளர்வதில்லை. 223 இல்லாத எலிகளில் கிருமியை விழுங்கும் வெள்ளையணுக்கள் மிகுவதோடு, சிறு தூண்டுதலுக்கும் மிதமிஞ்சிச் சீறி உடலின் திசுக்களையே தாக்குகின்றன. உரிய பொருள் உரிய வேளையில் உரிய அளவில் இருத்தல் வேண்டும் என்பதே இச்சோதனைகள் அனைத்தும் கூறுவது.

இவற்றுள் 155ஆம் நுண் ஆர்.என்.ஏ.யின் கதை, தடுப்பூசிப் பணியில் ஈடுபட்டோர் சிறப்பாக அறிய வேண்டியது. இக்கதை கோழியிலிருந்து தொடங்குகிறது. கோழிகளுக்கு லிம்போமாவை உண்டாக்கும் ஒரு வைரசு, கோழியின் குரோமோசோமில் குறிப்பிட்ட ஓரிடத்தில் மீண்டும் மீண்டும் நுழைவதை 1980களில் ஆராய்ச்சியாளர் கண்டனர். அவ்விடத்துக்கு பிக் என்று பெயரிட்டனர். ஆனால் அவ்விடத்து ஜீனில் புரதக் குறிப்பு இல்லை. புரதம் இல்லாத ஜீன் எங்ஙனம் புற்றை உண்டாக்கும்? 1997இலேயே, இந்த ஆர்.என்.ஏ. தானே ஏதோ வேலை செய்கிறது போலும் என்று கட்டுரை எழுதியோர் உண்டு. அந்தப் பிக் ஜீனின் உள்ளே இருந்தது 155ஆம் நுண் ஆர்.என்.ஏ. என்பது பிற்காலத்தில் தெளிவாயிற்று.

2006இல் எலிகளின் பி அணுக்களில் 155ஐ மிகையாகத் தோன்றச் செய்தனர். அவ்வெலிகளில் பி அணுக்கள் பெருகி, முடிவில் லுகேமியாவும் லிம்போமாவும் கண்டன. அப்படியாயின் 155 தீயது. அதனை ஒழித்துவிடலாமே என்று தோன்றும். 2007இல் வெளிவந்த ஆராய்ச்சியில் அதனை ஒழித்தே பார்த்தனர். 155 அற்ற எலிகள் பார்வைக்கு இயல்பாகவே பிறந்து வளர்ந்தன. ஆனால் வில்வாத நச்சின் ஒரு பகுதியைத் தடுப்பூசியாக இட்டபோது, அவற்றின் எதிர்ப்பொருள் மிகக் குறைவாகவே சுரந்தது. வீரியங் குறைத்த சால்மொனெல்லாக் கிருமியை ஊசியாக இட்ட பிறகும், வீரியமுள்ள கிருமி வந்தபோது அவற்றுக்குப் போதிய பாதுகாப்பு இல்லை. தடுப்பூசி இட்டும் தடுக்கவில்லை! கருவுற்ற தாய்மார்க்கு வில்வாத ஊசி போடும் ஒவ்வொரு செவிலியின் கைவேலையும், ஊசி முனையைத் தாண்டிய பின், இத்தகைய சின்னஞ்சிறு பொருள்களின் அளவைச் சார்ந்தே பலன் தருகிறது. 155 குறைந்தால் தடுப்பாற்றல் இல்லை, மிகுந்தால் புற்றுநோய். மனிதரிலும் ஹாட்ஜ்கின் லிம்போமாவிலும், பெரிய பி அணு லிம்போமாவின் ஒரு வகையிலும் இது மிகுந்து காணப்படுகிறது.

நுண் ஆர்.என்.ஏ.யும் மனிதப் புற்றுநோயும் முதன்முதலாக இணைத்துப் பேசப்பட்டது நாட்பட்ட லிம்போசைட் லுகேமியாவில். முதியோர்க்கு வரும் இந்நோய் மேலைநாடுகளில் மிகுதி. இந்தியாவில் அதனினும் மிகக் குறைவு. நோயாளிகளிற் பாதிக்கு மேற்பட்டோரின் பி அணுக்களில், 13ஆம் குரோமோசோமின் நீண்ட கையில் ஒரு சிறு பகுதி அறுந்துபோயிருக்கிறது. அப்பகுதியில் புற்றைத் தடுக்கும் ஜீன் ஒன்று இருந்திருக்க வேண்டும். அதனை இழந்ததால் நோய் வந்தது என்பது நேரிய ஊகமே. ஆகவே பல சோதனைச்சாலைகள் ஆண்டுக்கணக்கில் அங்கே தேடின. கண்ட ஒவ்வொரு புரத ஜீனும் பொருந்தாமற் போயிற்று. இறுதியில் 2002இல் கார்லோ குரோச்சே, ஜார்ஜ் காலின் ஆகியோரின் குழுவினர், அறுந்துபோகும் பகுதியின் நடுவில் இருப்பவை 15, 16 என்னும் இரு நுண் ஆர்.என்.ஏ.க்களே என்று வெளியிட்டனர். அவர்கள் ஆராய்ந்த நோயாளிகளில் மூன்றில் இரு பங்கினர்க்கு இவை இல்லை, அல்லது குறைந்திருந்தன.

இத்தனை ஆண்டுகள் கண்ணெதிரே இருந்தும் அவை ஏன் அகப்படவில்லை? ஜீன் என்றால் புரதம் என்னும் பாடத்தை அனைவரும் பள்ளியிலேயே படித்திருந்தமையால்தான். கருவிகள் இருந்தன, திறமையும் இருந்தது, தேட வேண்டிய பொருளின் இலக்கணந்தான் குறுகியிருந்தது. டி.என்.ஏ., அதிலிருந்து ஆர்.என்.ஏ., அதிலிருந்து புரதம் என்று இரண்டு அம்புக்குறிகளோடு கரும்பலகையில் முடிந்துவிடும் படம் தவறன்று. அதற்கு அப்பால் எஞ்சிய டி.என்.ஏ. முழுவதும் வீண் என்று போகிற போக்கிற் சொல்லிவிடும் ஒரு வாக்கியமே தவறு. அவ்வொரு வாக்கியத்தின் விலையை அந்தச் சோதனைச்சாலைகள் கொடுத்தன.

2005இல், 15உம் 16உம் பி.சி.எல்.2 என்னும் புரதத்தைக் குறைக்கின்றன என்று அறியப்பட்டது. மடிய வேண்டிய அணுவை மடியவிடாது காப்பது இப்புரதத்தின் வேலை. காவல் நீங்கினால் இப்புரதம் மிகும். முதிர்ந்த பி அணு மடியாமல் குவியும். 2010இல் நியூயார்க்கின் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தார் எலிகளில் இந்த இரண்டையும் நீக்கிக் காட்டினர். நோய் வந்தது. ஆனால் எல்லா எலிகளுக்கும் வரவில்லை. ஒரு பகுதிக்கே வந்தது. அதுவும் வயது முதிர்ந்த பின்னரே. மனிதரிலும், இந்த ஓர் இழப்பு மட்டுமே உடைய நோயாளிகளுக்கு நோய் மெல்லவே நகர்கிறது என்பது நெடுநாளைய அனுபவம். பலர் மருந்தே இன்றி ஆண்டுக்கணக்கில் கண்காணிப்பில் வாழ்கின்றனர். நுண் ஆர்.என்.ஏ. இழப்பு என்பது தீர்ப்போலை அன்று. பல காரணங்களுள் ஒன்றே.

அதே 13ஆம் குரோமோசோமின் கடைக்கோடிப் பக்கமாக இன்னொரு கூட்டம் இருக்கிறது. 17 முதல் 92 வரை எனப் பெயர்பெற்ற ஆறு நுண் ஆர்.என்.ஏ.க்கள் ஒரே கொத்தாக அங்கு அமைந்துள்ளன. சில லிம்போமாக்களில் அப்பகுதி பல படிகளாகப் பெருகியிருக்கிறது. 2005இல் மிக் என்னும் புற்று ஜீனோடு இக்கொத்தையும் சேர்த்து எலிகளிற் புகுத்தியபோது லிம்போமா விரைந்து தோன்றியது. ஆனால் 2008இல் இக்கொத்தை நீக்கிய எலிகளோ பிறந்த சிறிது நேரத்தில் மாண்டன. நுரையீரலும் இதயமும் சரிவர அமையவில்லை. பி அணுக்கள் இடைக்கட்டத்திலேயே மடிந்தன. ஒரே குரோமோசோமில் ஓரிடம் அறுந்தாலும் புற்று, மற்றோரிடம் பெருகினாலும் புற்று. இவற்றை நல்லவை என்றும் தீயவை என்றும் இரண்டு பத்திகளிற் பிரித்து எழுதும் வழக்கம் பொதுமக்கட் கட்டுரைகளிலும் சில பாடநூல்களிலும் காணப்படுகிறது. அவ்வழக்கம் கைவிடத் தக்கது.

மருந்தின் நிலை யாது? பி.சி.எல்.2 புரதத்தைத் தடுக்கும் வெனிட்டோகிளாக்ஸ் என்னும் மாத்திரை 2016இல் அமெரிக்காவில் இந்த லுகேமியாவின் ஒரு கடும் வகைக்கு அனுமதி பெற்றது. இன்று பலருக்குப் பயன்படுகிறது. இதனை நுண் ஆர்.என்.ஏ. ஆராய்ச்சியின் பயன் என்று சொல்லிப் பெருமை கொள்வாரும் உளர். அது நேர்மையன்று. அப்புரதம் 1980களிலேயே வேறு வழியில், வேறொரு லிம்போமாவின் குரோமோசோம் மாற்றத்தைக் கொண்டு கண்டறியப்பட்டது. அப்புரதம் ஏன் இந்நோயில் மிகுகிறது என்பதற்கு விளக்கம் தந்ததே 15, 16ஆம் எண்களின் பங்கு. நுண் ஆர்.என்.ஏ.யையே மருந்தாக்கும் முயற்சிகளும் நடந்துள்ளன. 34ஆம் எண்ணின் செயற்கைப் படியைப் புற்றுநோயாளிகளுக்கு ஏற்றிப் பார்க்கும் முதற்சோதனை 2013இல் தொடங்கிற்று. தடுப்பாற்றல் மிகைச் சீற்றத்தால் நான்கு நோயாளிகள் இறந்தமையால் அது 2016இல் நிறுத்தப்பட்டது. 155ஐத் தடுக்கும் மருந்து ஒன்று தோலில் தோன்றும் டி அணு லிம்போமாவுக்குச் சோதிக்கப்பட்டது. அதன் இரண்டாங் கட்டச் சோதனையும் 2020இல் இடையில் நின்றது. நூறு மடைகளை ஒருங்கே அசைக்கும் பொருளை உடல் முழுதும் செலுத்தும்போது, வேண்டிய வயலுக்கு மட்டும் நீர் பாயும் என்று எதிர்பார்ப்பது எளிதன்று. முயற்சியை விட வேண்டும் என்பதன்று கருத்து. விளைச்சலுக்கு முன்னரே அறுவடைச் செய்தி வெளியிடலாகாது என்பதே.

அடுத்து, இரத்தச் சோதனை. நுண் ஆர்.என்.ஏ.க்கள் இரத்த நீரிலும் மிதக்கின்றன, எளிதிற் சிதைவதில்லை. புற்றுக்கட்டி சுரக்கும் நுண் ஆர்.என்.ஏ.யை இரத்தத்திற் கண்டு நோயை முன்கூட்டியே அறியலாம் என்னும் கருத்து 2008 முதல் வலுப்பெற்றது. கருத்துச் சிறந்ததே. ஆனால் இடையில் ஒரு பெரும் பள்ளம் உண்டு. 2012இல் ஒரு குழுவினர், கட்டிப் புற்றுகளுக்கு அடையாளமாகக் கட்டுரைகளிற் கூறப்பட்ட 79 நுண் ஆர்.என்.ஏ.க்களை எடுத்து ஆராய்ந்தனர். அவற்றுள் 46 இரத்த அணுக்களிலேயே மிகுந்திருப்பவை! அப்படியாயின் சோதனையில் அளக்கப்பட்டது கட்டியா, இரத்த அணுக்களின் ஏற்றத்தாழ்வா? சிவப்பணுக்களில் 16, 451ஆம் எண்கள் நிறைந்துள்ளன. ஊசி குத்துகையில் இரத்தம் நுரைத்தாலும், குழாயை ஓங்கிக் குலுக்கினாலும், வெயிலில் வைத்துப் பேருந்தில் அனுப்பினாலும் சிவப்பணுக்கள் உடைந்து அவை வெளியேறும்; கணக்குத் தலைகீழாகும். இரத்த மாதிரி எடுத்து அனுப்பிப் பழகிய கள ஊழியர்க்கு இது புத்தகச் செய்தியன்று. நீர் இளஞ்சிவப்பாகத் தெளிந்த குழாயைப் பார்த்து, மாதிரி கெட்டது என்று திருப்பி அனுப்பிய அனுபவம் அவர்களுக்கே மிகுதி.

ஆகையால், நுண் ஆர்.என்.ஏ. அளவைக் கொண்டு நலமுடன் இருப்போரிடம் புற்றுநோயைக் கண்டறிந்து தருவதாக எவரேனும் கிராமத்திற் பணம் பெற்றால், அதனைப் பணியாளர் ஆதரிக்கலாகாது. மருத்துவ அதிகாரிக்குத் தெரிவித்தல் வேண்டும். பெரிய மருத்துவமனையில், நோய் உறுதியான பின்னர், மருத்துவர் கேட்கும் குரோமோசோம் சோதனை வேறு. அதனை இதனோடு குழப்பலாகாது. நம்பிக்கை குறைந்து அச்சோதனைக்கே செல்லாதிருப்பாராயின் அதுவும் கேடே.

ஆசிரியர்க்குச் சொல்லத் தக்கது சிறிதே. மேனிலை வகுப்புகளில் இரண்டு அம்புக்குறிகளோடு மூன்றாவதாக ஒரு கோட்டை, ஆர்.என்.ஏ.யிலிருந்து ஆர்.என்.ஏ.க்கே வளைந்து வருவதாக, வரைந்து காட்டினால் போதும். ஒரு காகித நாடாவில் எழுத்துகளை எழுதி, நடுவே மடித்து, எதிரெதிர் எழுத்துகள் இணைவதைக் காட்டலாம்; அதுவே கொண்டை ஊசி வடிவம். மற்றொரு நாடாவில் ஏழு எழுத்துகளுக்குப் பொருத்தம் தேடச் சொல்லலாம். பொருளில்லாத துண்டிலும் பொருத்தம் அகப்படுவதை மாணவர் தாமே கண்டுகொள்வர். பாடத்திட்டத்தில் இதற்குத் தனி அத்தியாயம் வேண்டும் என்று கோருவோர் உளர். பாடச்சுமை இருக்கும் நிலையில் அது தேவையில்லை.

கள ஊழியர் செய்ய வேண்டியதோ பழைய வேலையே. பல வாரங்களாகத் தணியாத காய்ச்சல், நாளுக்கு நாள் வெளிறும் முகம், ஈறில் இரத்தக் கசிவு, அடிபடாமலே தோலிற் கருநீலத் திட்டு, கழுத்திலும் அக்குளிலும் வலியின்றித் திரளும் நெறி, இரவில் குழந்தையை எழுப்பிவிடும் எலும்பு வலி ஆகியவை கண்டால் முதலில் வேண்டுவது இரத்த அணுக்களின் எண்ணிக்கையும், கண்ணாடித் தகட்டில் ஒரு மெல்லிய இரத்தப் பூச்சுமே. சாயமிட்ட அப்பூச்சை நுண்ணோக்கியிற் பார்ப்பவர்க்கு முதிராத வெள்ளையணுக் கூட்டம் அன்றே தென்படக்கூடும். மலேரியாவுக்காக எடுத்த பூச்சிலும், ஒட்டுண்ணி இல்லை என்று எழுதி மூடும் முன், வெள்ளையணுக்கள் வழக்கத்துக்கு மாறாகத் திரண்டிருப்பின் ஒரு வரி குறித்து அனுப்புதல் நன்று. குழந்தைகளுக்கு வரும் விரைவு லிம்போசைட் லுகேமியா, உரிய வேளையில் உரிய மருத்துவமனையை அடைந்தால், பெரும்பாலும் குணப்படுத்தக் கூடிய நோய்.

ஓர் எச்சரிக்கை மட்டும் எஞ்சியுள்ளது. காரணம் அறியாத காய்ச்சலுக்கும் மூட்டு வலிக்கும், பூச்சு எடுத்துப் பாராமலே, டெக்சாமெத்தசோன், பிரெட்னிசலோன் முதலிய ஸ்டீராய்டு மருந்துகளைச் சிலர் கொடுத்துவிடுகின்றனர். காய்ச்சல் தணிகிறது, குழந்தை விளையாடத் தொடங்குகிறது, பெற்றோர் மகிழ்கின்றனர். இம்மருந்துகள் லிம்போசைட்டுகளை மடியச் செய்பவை. புற்றணுக்களிற் பல மடிந்து, சில வாரங்களுக்கு இரத்தப் பூச்சில் அடையாளம் மறைந்துபோகும். எஞ்சியவை பின்னர் மீண்டும் பெருகி வரும்போது நோயை இனங்காண்பதும் குணப்படுத்துவதும் கடினமாகும். ஆகவே பூச்சு எடுத்த பின்னரே மருந்து. முன்னரே யாரேனும் மருந்து கொடுத்திருந்தால், அதன் பெயரையும் கொடுத்த நாட்களையும் பரிந்துரைச் சீட்டில் தெளிவாக எழுதி அனுப்புதல் வேண்டும்.